மாங்காய் சீசனைத் தாண்டி நிற்பது எது: கேம் புரோகிராமிங்கா, இயற்பியலா?

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையில் கணக்கு எழுதுகிறேன். ஏழு வருடம் ஓய்வு நேரத்தில் கேம் எழுதினேன். இரண்டு வருடமாக அதை நிறுத்திவிட்டு இயற்பியல் படிக்கிறேன். பரீட்சை எதுவும் இல்லை, பிடித்திருக்கிறது, படிக்கிறேன். வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் கிடைக்கிறவர் இந்த இரண்டில் எதை எடுக்கலாம் என்று கேட்டால், நான் இயற்பியல் பக்கம்தான் சாய்வேன்.

செலவைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. கேம் எழுத உதவும் மென்பொருளான கேம் என்ஜின் இலவசமாகக் கிடைக்கிறது, பழைய லேப்டாப் போதும். தமிழ்நாட்டுப் பாடநூல்களும் பிடிஎஃப்பாக இலவசம். பதினொன்றாம் வகுப்பு இயற்பியல், இரண்டு தொகுதியும் தமிழிலேயே இருக்கிறது.

கேமுக்கு ஒரு பெரிய பலம் உண்டு, அதை மறைக்கக் கூடாது. செய்ததை அடுத்தவர் கையில் கொடுக்கலாம். அக்கா மகன் என் போனை வாங்கி, நான் வைத்த பள்ளத்தில் மூன்று முறை விழுந்து, நான்காவது முறை தாண்டியதும் "மாமா, அடுத்த லெவல் எங்கே?" என்று கேட்டான். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இயற்பியலில் அப்படி ஒன்று எனக்கு இதுவரை வாய்க்கவில்லை.

என்னை மாற்றியது பராமரிப்பு. எங்கள் ஆலைக்கு மே கடைசியில் சீசன் தொடங்கினால் ஆகஸ்ட் பாதி வரை ஓடும். பெங்களூரா மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கும். எடைச் சீட்டு, விவசாயிகளுக்குப் பட்டுவாடா என்று வீடு திரும்பவே ராத்திரி பத்தாகிவிடும். லேப்டாப்பைத் தொடவே முடியாது. இந்த இடைவெளியைக் கேம் தாங்குவதில்லை. திரும்பி வந்து திறந்தால் என்ஜினில் புதிய பதிப்பு வந்திருக்கும். ஃபங்ஷன், அதாவது என்ஜினுக்குக் கொடுக்கும் கட்டளை, பெயர் மாறியிருக்கும், நேற்று வரை அடைப்புக்குறிக்குள் கொடுத்த வேகத்தை இனி வேறு இடத்தில் எழுதச் சொல்லும். பழைய பதிப்பிலேயே இருந்துவிடலாமே என்றால், போனுக்கான ஆப் கடை வருடா வருடம் புதிய ஆண்ட்ராய்டுக்கு ஏற்றபடி மாற்றச் சொல்கிறது. சரி, அதையும் செய்து முடித்தால், எதிரியின் நடையை நானே எழுதிய நானூறு வரி எனக்கே புரியாது. ஒரு வருடம் செப்டம்பர், அக்டோபர் இரண்டு மாதமும் இப்படிப் பழுது பார்ப்பதிலேயே போனது. புதிதாக ஒரு லெவல்கூடச் சேர்க்கவில்லை.

இயற்பியலுக்கு வந்த வழியும் கேம்தான். சூரியனைக் கோள் சுற்றும் ஒரு சின்ன ஆட்டம் எழுதினேன். கோள் ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் வெளியே நகர்ந்து, கடைசியில் திரையை விட்டே போய்விட்டது. சூரியனின் இழுப்பைக் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, இடத்தை முதலில் மாற்றி, வேகத்தைப் பிறகு மாற்றியிருந்தேன். இரண்டு வரியையும் மேலும் கீழுமாக மாற்றி, புதிய வேகத்தை வைத்து இடத்தைக் கணக்கிட்டதும் கோள் பாதையில் நின்றது. ஐந்து நிமிட வேலை. ஆனால் ஏன் நின்றது? முதல் முறையில் கணக்கின் ஒவ்வொரு படியிலும் இல்லாத ஆற்றல் சிறிது சிறிதாகச் சேர்கிறது என்று தாளில் போட்டுப் பார்த்துப் புரிந்துகொள்ள இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதம் கேமைத் திறக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

அப்புறம் நோட்டு. மார்ச் 21 அன்று மொட்டை மாடியில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, பத்து மணியிலிருந்து நிழலின் நுனியில் சாக்பீஸால் புள்ளி வைத்தேன். நிழல் மிகவும் குறுகியது பன்னிரண்டு மணிக்கு இல்லை, 12.24 வாக்கில். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு ஓடுகிறது, கிருஷ்ணகிரி 78.2-ல் இருக்கிறது. அதற்குப் பதினேழு நிமிடம். மார்ச்சில் சூரியன் கடிகாரத்தைவிட ஏழு நிமிடம் பின்தங்குகிறது, அது மீதி. அப்போது நிழல் 22 சென்டிமீட்டர். கோணமாக மாற்றினால் பன்னிரண்டரைப் பாகைக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஏறக்குறைய ஊரின் அட்சரேகை. இதற்கு எந்தப் புதிய பதிப்பும் வரப்போவதில்லை. சீசன் முடிந்து நோட்டைத் திறந்தால் 22 அப்படியேதான் இருக்கிறது. பக்கத்தில் ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்தில், 1977-ல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைக்கப் போகும் முன்பே அந்த விண்மீனின் ஒளி சட்டென்று மங்கியதைப் பதிந்தார்கள். யுரேனஸின் வளையங்களைக் கண்டுபிடித்ததில் அந்தப் பதிவுக்கும் பங்கு உண்டு. அந்த இரவின் அளவு இன்றைக்கும் செல்லும்.

மறதி இதிலும் வரும். தொகையிடல் எனக்கு இரண்டு முறை மறந்து, மூன்றாவது முறை படித்தேன். ஆனால் ஒவ்வொரு முறையும் வேகமாகத் திரும்பி வந்தது. நான் பார்த்தது இயக்கவியலும் கொஞ்சம் ஒளியியலும் மட்டும்தான். வேதியியலை ஆய்வகம் இல்லாமல் வீட்டில் படிப்பது எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. இரண்டு வருட ஆர்வம் பத்து வருடம் நிற்குமா என்பதற்கும் என்னிடம் பதில் இல்லை. நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து கேம் செய்கிறவர்கள், வருடம் முழுக்கத் தினம் ஒரு மணி நேரம் கிடைக்கிறவர்கள் கேமிலேயே இருக்கலாம். பராமரிப்பு அவர்களுக்கு இவ்வளவு பாரமாக இருக்காது.

நம் ஊரில் நடுப்பகலில் நிழலே விழாத நாள் வருடத்துக்கு இரண்டு: ஏப்ரல் 23 வாக்கில் ஒன்று, ஆகஸ்ட் 20 வாக்கில் ஒன்று. எங்கள் சீசன் சரியாக அந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. சீசன் நாட்களில் நடுப்பகல் நிழல் தெற்குப் பக்கம் விழும். போன ஜூனில் எடை மேடைக்குப் போகும் வழியில் நின்று, ஆலை வாசல் கம்பத்தின் நிழலைப் பார்த்தேன். தெற்கேதான் விழுந்திருந்தது. எடைச் சீட்டின் பின்பக்கத்தில் தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு உள்ளே போனேன்.