அன்றே வீடு திரும்பும் அறுவை சிகிச்சை: நோயாளியிடம் எப்போது, எப்படிச் சொல்வது?

கண்புரை, ஹெர்னியா, பித்தப்பை என்று பல அறுவை சிகிச்சைகள் இன்று காலையில் முடிந்து, மாலையில் நோயாளி வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். முன்பு நர்ஸ் பார்த்துக்கொண்ட முதல் இரவை இப்போது வீட்டார்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு அவர்களைத் தயார்செய்யும் வழிகள் எல்லாமே ஒரே அளவுக்குப் பயன்படுவதில்லை.

டிஸ்சார்ஜ் நேரத்தில் வாய்மொழியாகச் சொல்வதை மட்டும் நம்பவே கூடாது. மிடசோலம் போன்ற மயக்க மருந்துகள் பதற்றத்தைத் தணிக்கும். கூடவே, புதிதாகக் கேட்பது நினைவில் பதியாமலும் செய்யும். நோயாளி தெளிவாகத் தலையாட்டுவார். டாக்டர் வந்து பேசியதே மறுநாள் அவருக்கு நினைவிருக்காது.

அச்சிட்ட தாள் இதைவிட மேல். நள்ளிரவிலும் எடுத்துப் பார்க்கலாம். ஆனால் எல்லா நோயாளிக்கும் ஒரே தாள் என்றால் பாதிப் பயன்தான். லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளைகளிட்டு, கேமரா வழியே பார்த்துச் செய்யும் அறுவை சிகிச்சை) செய்தவருக்குத் தோள் வலிக்கலாம். வயிற்றுக்குள் செலுத்திய கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையை) உறுத்துவதே காரணம். இதை முன்பே சொல்லாவிட்டால் மாரடைப்போ என்று குடும்பமே கலங்கிப்போகும். (நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால் அது வேறு, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.) கை மரத்துப்போக நரம்பருகே ஊசி போட்டவருக்கோ, "வலித்தால் மாத்திரை போடுங்கள்" என்ற வரியே தவறு. மரப்பு விடும் முன்பே அவர் போட்டுக்கொள்ள வேண்டும்.

வீடியோ நல்ல துணை. வாசிக்கச் சிரமப்படுவோருக்கு அவசியமும்கூட. ஆனால் அதனிடம் கேள்வி கேட்க முடியாது.

மறுநாள் தொலைபேசி அழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். மலச்சிக்கல், வாந்தி, கட்டு நனைந்தது போன்றவற்றை மக்கள் தாமாக அழைத்துச் சொல்வதில்லை, கேட்டால் சொல்வார்கள். இருந்தாலும் சிறுநீர் பிரியாமல் தவிப்பதும் ரத்தக்கசிவும் முதல் இரவிலேயே வரக்கூடியவை. அழைப்பு அதற்குள் வந்து சேராது.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால், சில நாள் முன்பே, உடனிருந்து கவனிக்கப் போகிறவரையும் உட்காரவைத்துப் பேசுவதையே தேர்ந்தெடுப்பேன். பொது மயக்கம் கொடுத்தால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது, பத்திரங்களில் கையெழுத்திடக்கூடாது, வயதுவந்த ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே தெரிந்தால்தான் விடுப்பும் வண்டியும் ஏற்பாடு செய்ய முடியும். முடிக்கும்போது "புரிந்ததா?" என்று கேட்காமல், "இரவில் கட்டு ரத்தத்தில் நனைந்தால் என்ன செய்வீர்கள், யாரை அழைப்பீர்கள்?" என்று கேட்டு, அவர்களையே சொல்லவைக்க வேண்டும். பதில் தடுமாறினால் இன்னொரு முறை விளக்க நேரம் இருக்கிறது.