மாடலருக்கு மலிவான ஸ்பீக்கர்: வாட்டைப் பார்க்காதீர்கள், வாசிக்கும் இடத்தைப் பாருங்கள்

கிட்டார் ஆம்ப்பின் ஒலியை டிஜிட்டலாகச் செய்து தரும் கருவிதான் மாடலர். அதற்கு எந்த ஸ்பீக்கர் வாங்குவது என்ற கேள்விக்கு முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராத்திரி கதவைச் சாத்திக்கொண்டு தனியாக வாசிப்பவர் என்றால் 5 இன்ச் ஸ்டுடியோ மானிட்டர் (மேசையில் வைத்துப் பக்கத்தில் இருந்து கேட்கும் ஸ்பீக்கர்) ஒரு ஜோடி. பக்கத்தில் டிரம்ஸ் அடிக்க ஆள் இருந்தால் 8 அல்லது 10 இன்ச் பிஏ ஸ்பீக்கர் (மேடையில் கூட்டத்துக்குக் கேட்க வைக்கும் பெட்டி) ஒன்று. இரண்டு வேலையையும் ஒரே பெட்டி நன்றாகச் செய்யும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். மலிவு விலையில் அப்படி ஒன்றை நான் இன்னும் கேட்கவில்லை.

என்னிடம் இருக்கும் மாடலர் லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப். மேசையில் ஜேபிஎல் 305பி மார்க் 2 ஜோடி, ஒத்திகைக்குத் தூக்கிப்போக ஹெட்ரஷ் எஃப்ஆர்எஃப்ஆர்-108. எந்த மாடலராக இருந்தாலும் கீழே சொல்வது பொருந்தும், ஏனென்றால் எல்லாவற்றிலும் விஷயம் ஒன்றுதான்: ஆம்ப், அதன் ஸ்பீக்கர் பெட்டி, அதன் முன்னால் வைத்த மைக் மூன்றையும் மாடலர் தனக்குள்ளேயே செய்துவிடுகிறது. வெளியே வருவது முழுமையாக முடிந்த ஒலி. அதற்கு மேல் எதையும் சேர்க்காத ஸ்பீக்கர்தான் நமக்கு வேண்டும்.

கிட்டார் ஆம்ப்பில் இருப்பது அப்படிப்பட்ட ஸ்பீக்கர் இல்லை. செலஸ்டியன் விண்டேஜ் 30 என்ற புகழ்பெற்ற 12 இன்ச் ஸ்பீக்கரின் எல்லையே 70 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரைதான். அதன் அழகே அதில்தான் இருக்கிறது. டிஸ்டார்ஷனின் கொரகொரப்பை அது வடிகட்டிவிடும். ஆனால் ஏற்கெனவே மாடலருக்குள் ஒரு முறை வடிகட்டிய ஒலியை மறுபடியும் அதற்குள் விட்டால் போர்வைக்குள் இருந்து வாசிப்பது போல அமுங்கிப்போகும். பழைய ஆம்ப் ஒன்று வீட்டில் கிடந்து, அதற்குப் பின்பக்கம் எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் (ஆம்ப்பின் முன்பகுதியைத் தாண்டி நேராகப் பவர் பகுதிக்குப் போகும் துளை) இருந்தால், மாடலரில் கேபினெட்டை, அதாவது ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் பகுதியை, அணைத்துவிட்டு அதில் செருகிப் பாருங்கள். பிடித்துப்போனால் ஸ்பீக்கர் வாங்கும் செலவே மிச்சம்.

சரி, வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், மலிவான ஸ்பீக்கரைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்பதுதான் என் கட்சி. கிட்டாரின் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் 82 ஹெர்ட்ஸ். மேல் எல்லையைக் கேபினெட் சிமுலேஷன் 5000, 6000 பக்கத்தில் கத்தரித்துவிடும். விலை கூடிய ஸ்பீக்கர்களில் பணம் எங்கே போகிறது? 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குவதற்கும், 10000க்கு மேலே நுணுக்கமாக ஒலிப்பதற்கும் பெரும்பகுதி போகிறது. கிட்டாருக்கு அந்த இரண்டு கோடிகளாலும் பெரிய வேலை இல்லை. அதனால் பாட்டு கேட்க "பரவாயில்லை" ரகமாக இருக்கும் பெட்டி கிட்டாருக்கு அருமையாக இருக்கலாம்.

மலிவு பல்லைக் காட்டும் இடம் வேறு. அடி ஒலிக்கான பெரிய வூஃபரிலிருந்து உச்ச ஒலிக்கான சின்ன ட்வீட்டருக்கு ஒலி கைமாறும் கிராஸ்ஓவர் பகுதி. யமஹா எச்எஸ்5ல் அது 2000 ஹெர்ட்ஸ், என் ஜேபிஎல்லில் 1725. பெரும்பாலான இருவழி ஸ்பீக்கர்களில் 1500க்கும் 3000க்கும் நடுவே எங்காவது இருக்கும். கிட்டாரின் கடி, பிக் தந்தியில் படும் சத்தம், லீட் வாசிக்கும்போது மற்ற வாத்தியங்களைத் தாண்டி எழும் அந்தக் கூர்மை எல்லாம் இங்கேயும் இதற்குச் சற்று மேலேயும்தான் குடியிருக்கின்றன. கைமாற்றம் சரியில்லாத பெட்டியில் சில சுரங்கள் முன்னால் பாயும், சில காணாமல் போகும்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். பாதி டிஸ்டார்ஷன் உள்ள ஒரு பேட்சில் (மாடலரில் சேமித்துவைத்த ஒலி அமைப்பு) மூன்றாவது தந்தியின் 12ஆவது ஃப்ரெட்டில் ஒரு சுரத்தைப் பிடித்து, மெதுவாக வளைத்து மேலே கொண்டு போங்கள். சுருதி ஒரே சீராக ஏற வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மட்டும் காதில் குத்தினாலோ அமுங்கினாலோ அதுதான் பள்ளம் மேடு. அப்புறம் ஒரு கார்டை (பல சுரங்கள் சேர்ந்த மீட்டல்) லூப்பரில், அதாவது வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் வசதியில், ஓடவிட்டு, ஸ்பீக்கரின் முன்னால் உட்கார்ந்து எழுந்து பாருங்கள். வூஃபரும் ட்வீட்டரும் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதால், காது மேலும் கீழும் நகரும்போது இரண்டிலிருந்தும் வரும் ஒலி சேரும் விதம் மாறும். நல்ல பெட்டியிலும் கொஞ்சம் மாறும். ஒரு பெட்டியில் நான் எழுந்து நின்றதும் பிக் சத்தமே மறைந்துபோய், உட்கார்ந்ததும் திரும்பி வந்தது. நின்றபடி வாசிக்கிற எனக்கு அது எதற்கு? அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வாட் விஷயத்துக்கு வருவோம். எஃப்ஆர்எஃப்ஆர்-108இன் பெட்டியில் 2000 வாட் என்று போட்டிருக்கிறது. 8 இன்ச் பெட்டிக்கு 2000 வாட்டா என்று வாயைப் பிளக்க வேண்டாம். அது ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு எட்டும் உச்சக் கணக்கு. தொடர்ந்து தரும் கணக்காக அவர்களே சொல்வது 1000. வாட் இரட்டிப்பானால் கூடுவது வெறும் 3 டெசிபல், அதாவது "கொஞ்சம் கூடியிருக்கோ?" என்று கேட்கிற அளவு. காதுக்கு இருமடங்கு சத்தமாகத் தெரிய வேண்டுமானால் ஏறக்குறைய பத்து மடங்கு வாட் தேவை. அதனால் அட்டையில் வாட்டைத் தேடாமல், அதிகபட்சம் எத்தனை டெசிபல் தரும், எவ்வளவு தூரத்தில் அளந்தார்கள் என்று பாருங்கள். வாட் மட்டும் பெரிய எழுத்தில் இருந்து டெசிபல் எங்குமே இல்லை என்றால் அந்த அட்டை எதையோ மறைக்கிறது.

108 எனக்குப் பிடித்ததற்குக் காரணம் வாட் இல்லை. ஒரே கையால் தூக்கிவிடலாம். தரையில் பின்னோக்கிச் சாய்த்து வைத்தால் ஹார்ன் (உச்ச ஒலி வெளிவரும் புனல் வடிவ வாய்) நேராக என் முகத்தைப் பார்க்கிறது. இரண்டு இன்புட், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வால்யூம். ஒன்றில் மாடலரும் இன்னொன்றில் பாட்டுக்காரரின் மைக்குக்கு மிக்ஸரிலிருந்து வரும் வயரும் செருகலாம். பின்னால் ஒரு காண்டூர் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அடியும் உச்சியும் ஏறி, தனியாகக் கேட்கும்போது பிரமாதமாக இருக்கும். குழுவோடு வாசிக்கும்போது அது கிட்டாரைக் கொன்றுவிடும். எங்கள் டிரம்மர் ஒருநாள் சொன்ன குறை இது: "உன் கிட்டார் கேக்கவே இல்லடா, ஆனா காது மட்டும் வலிக்குது." காண்டூரை அணைத்து, பேட்சில் 800 ஹெர்ட்ஸ் பக்கம் லேசாகத் தூக்கினேன். வால்யூமைத் தொடவே இல்லை, கிட்டார் முன்னால் வந்துவிட்டது.

ஆனால் இதே பெட்டியை மேசையில் ஒரு கை தூரத்தில் வைத்து வாசித்தால் நன்றாக இருக்காது. இது 108இன் குறை இல்லை, இந்த வகைப் பெட்டிகள் எல்லாமே தூரத்துக்கு எறிவதற்காகச் செய்யப்பட்டவை. பக்கத்தில் ஹார்னின் ஒலி தனியாகவும் வூஃபரின் ஒலி தனியாகவும் காதில் விழும். கொஞ்சம் தள்ளி நின்றால்தான் இரண்டும் ஒன்றாகும். மேசைக்கு அதனால்தான் மானிட்டர். 305பியில் வூஃபர் 5 இன்ச், மொத்தம் 82 வாட், என் அறைக்கு அதில் பாதி வால்யூமே அதிகம். பின்னால் இருக்கும் பவுண்டரி ஈக்யூ என்ற சின்ன ஸ்விட்ச் முக்கியம். சுவரை ஒட்டியோ மேசை மேலோ வைத்தால் அடி ஒலி பெருத்து, உள்ளங்கையால் தந்தியை அமுக்கி வாசிக்கும் பாம்-மியூட் எல்லாம் தொம் தொம்மென்று ஆகும். அந்த ஸ்விட்சைக் கீழே தள்ளினால் அடங்கும். எச்எஸ்5இலும் இதே வேலைக்கு ரூம் கன்ட்ரோல் என்று ஒன்று இருக்கிறது. இவை இரண்டில் எது என்று கேட்டால், கையில் கிடைப்பது எதுவோ அது. எச்எஸ்5 நடுவில் கொஞ்சம் கறாராகப் பேசும், ஜேபிஎல் பக்கவாட்டில் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி கேட்கும். கிட்டாருக்கு இரண்டுமே தேவைக்கு மேல்.

இன்னும் சின்னதாக, பிரிசோனஸ் ஈரிஸ் 3.5 மாதிரி? முன்னாலேயே ஹெட்போன் துளை, மேசையில் இடமே பிடிக்காது, மெதுவாக வாசிப்பவருக்கு நல்ல பெட்டி. ஆனால் அதன் ஒலியே 80 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது. கிளீன், புளூஸ் என்றால் குறை தெரியாது. தந்தியை இறக்கிக் கட்டி மெட்டல் வாசிப்பவருக்கு அடிவயிறு இருக்காது.

கணினிக்கு விற்கும் 2.1 செட் (இரண்டு சின்ன ஸ்பீக்கர், அடி ஒலிக்கு ஒரு தனிப் பெட்டி) பக்கம் போகவே வேண்டாம். நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு செட்டில் வாசித்தேன். பவர் கார்டின் அடிப்பகுதி மேசைக்குக் கீழிருந்தும் உச்சி மேசை மேலிருந்தும் வந்தது. நடுப்பகுதி எங்கிருந்தும் வரவில்லை. புளூடூத் ஸ்பீக்கரும் அப்படித்தான், அதுவும் வயரில்லாமல் இணைத்தால் வாசிக்கவே முடியாது. சாதாரண புளூடூத்தில் 100 முதல் 200 மில்லிநொடி தாமதம் வரும். காற்றில் ஒலி 100 மில்லிநொடியில் போகும் தூரம் 34 மீட்டர். ஸ்பீக்கரை அவ்வளவு தொலைவில் வைத்துவிட்டு தாளத்தோடு வாசிக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்தவுடன் "என்னடா இது, ஈ மொய்க்கிற மாதிரி இருக்கிறது" என்று பலரும் திருப்பி அனுப்பக் கிளம்புகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். மெதுவான சத்தத்தில் நம் காதுக்கு அடியும் உச்சியும் குறைவாகத்தான் கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே இதை அளந்து வரைபடம் போட்டுவிட்டார்கள். அதனால் ராத்திரி ஹெட்போனில் உருவாக்கிய பேட்சில் நம்மை அறியாமலே இரண்டு கோடிகளையும் ஏற்றிவைத்திருப்போம். அதே பேட்ச் ஒத்திகைச் சத்தத்தில் அடியில் குழம்பும், மேலே கீச்சிடும். மாடலரின் குளோபல் ஈக்யூவில் 90 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 6500க்கு மேலும் வெட்டிவிட்டுப் பாருங்கள், பாதிப் புகார் அங்கேயே தீரும். மீதிக்கு, ஒத்திகைக்கென்று தனிப் பேட்ச், ஒத்திகைச் சத்தத்திலேயே உருவாக்க வேண்டும்.

இன்னொரு புகார், "ஆம்ப் பக்கத்தில் நிற்கிற உணர்வு வரவில்லை." வராது. மாடலர் தருவது மைக் கேட்ட ஆம்ப்பை. ஸ்டுடியோவில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கும் ஒலி அது. இதைவிடப் பத்து மடங்கு விலையில் ஸ்பீக்கர் வாங்கினாலும் அதே ஒலி இன்னும் தெளிவாக வருமே தவிர, மைக் மறையாது. லைன் 6இன் பவர்கேப் போல ஸ்பீக்கரே கிட்டார் ஸ்பீக்கராக நடிக்கும் பெட்டிகள் இதற்காகவே வந்தவை. ஆனால் அவை மலிவு என்ற சொல்லுக்குள் அடங்காது. அந்த உணர்வு இல்லாமல் முடியாது என்பவர்கள் மேலே சொன்ன எஃபெக்ட்ஸ் ரிட்டர்ன் வழியில் போவதே மேல்.

வயர்கள். ஸ்பீக்கருக்கும் மாடலருக்கும் பேலன்ஸ்டு வசதி (வயர் வழியில் பிடிக்கும் இரைச்சலை அடக்கும் இணைப்பு) இருந்தால், பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம் உள்ள டிஆர்எஸ் வயர் போடுங்கள், சும்மா கிட்டார் வயர் வேண்டாம். எச்எக்ஸ் ஸ்டாம்ப்பில் அவுட்புட்டை லைன், இன்ஸ்ட்ருமென்ட் என்று மாற்றும் வசதி உண்டு, மானிட்டருக்கு லைன். இதை மாற்றாமல் ஸ்பீக்கர் வால்யூமை முழுக்கத் திருகினால் கிட்டாரோடு ட்வீட்டரின் "ஸ்ஸ்ஸ்" இரைச்சலும் சேர்ந்து ஏறும். யூஎஸ்பியில் கணினியோடு இணைத்ததும் ஹம் வந்தால் ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள், அது கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் இணைப்பும் சேர்ந்து ஒரு வளையமாவதால் வரும் இரைச்சல். யூஎஸ்பியைப் பிடுங்கினால் போய்விடும். 108இல் கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் இருக்கிறது, அதுவும் உதவும்.

பழைய பிஏ ஸ்பீக்கர் ஒன்று செகண்ட் ஹேண்டாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். சோதிக்கும்போது கிட்டாரை மட்டும் வாசித்துவிட்டு வராதீர்கள். ஹார்ன் பாதி செத்திருந்தாலும் அமுக்கமான பேட்ச் என்று நினைத்து ஏமாற வாய்ப்பு உண்டு. நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை ஓடவிட்டு, சிம்பல் ஒலிக்கிறதா என்று ஹார்ன் பக்கம் காதை வையுங்கள். பிறகு எதையும் செருகாமல் வால்யூமை முழுக்க ஏற்றி ஹம்மும் இரைச்சலும் எவ்வளவு என்று கேளுங்கள். கைப்பிடி ஆணிகள் ஆடினாலும் பாம்-மியூட்டில் கிறுகிறுக்கும், அது திருப்புளியால் தீரும் வேலை, விலை குறைக்கவும் உதவும்.

ஸ்டீரியோவுக்காக இரண்டாவது 108 வாங்கலாமா என்று எங்கள் பேஸ் வாசிப்பவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். பிங்பாங் டிலே என்ற எதிரொலி எஃபெக்ட் இரண்டு பக்கமும் தாவுவது நடுவில் நிற்கிற எனக்கு மட்டும்தான் கேட்கும். ஓரத்தில் நிற்பவருக்குப் பாதி எதிரொலிதான் கிடைக்கும். அந்தச் சுகத்துக்கு வீட்டில் ஜேபிஎல் ஜோடி இருக்கிறது. ஒத்திகைக்கு மோனோ போதும்.