பாமசி ராக்கையில் இரண்டு போத்தல்: ‘ஸ்டெம் செல்’ சீரமும் மினொக்சிடிலும்

ஹட்டன், பண்டாரவளை, நுவரெலியா டவுன் பாமசிகளில் முடி கொட்டுதென்று கேட்டால் இரண்டு வகைப் போத்தலை எடுத்து வைப்பார்கள். ஒன்று 30 மில்லிலீற்றர் சீரம். பெட்டியில் ‘ஸ்டெம் செல்’ (புதுச் செல்களைத் தரும் மூலச் செல்), ‘எபிஜெனெட்டிக்’ (ஜீன்களைத் திறந்து பூட்டும் குறிகள் பற்றியது) என்று தங்க எழுத்து மின்னும். மற்றது 60 மில்லிலீற்றர் 5% மினொக்சிடில் கரைசல், அலங்காரம் கிடையாது. விலை கூடியது சீரம்.

முதலில் சீரப் பெட்டியைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். இந்த வகையில் ‘ஸ்டெம் செல்’ என்று விற்பது பெரும்பாலும் ‘மாலஸ் டொமெஸ்டிகா ஃப்ரூட் செல் கல்ச்சர் எக்ஸ்ட்ராக்ட்’. அதாவது, அப்பிள் செல்லை வளர்த்து உடைத்து எடுத்த சாறு. அதில் உயிருள்ள செல் ஒன்றும் இல்லை. அப்படியொன்று இருந்தால்கூட அப்பிள் செல் மனிதத் தலையில் முடியாகாது. உட்பொருள்களை அளவு கூடியதில் தொடங்கித்தான் எழுதுவார்கள். 1 வீதத்துக்குக் கீழே வந்ததும் கம்பனி தன் இஷ்டத்துக்கு வரிசைப்படுத்தலாம். பழுதாகாமல் இருக்கச் சேர்க்கும் ஃபினொக்ஸிஎத்தனோல் வழக்கமாக 1 வீதத்தைத் தாண்டாது. அப்பிள் சாறு அதற்குப் பிறகு வந்தால், உள்ளே இருப்பது சொட்டுக் கணக்குத்தான். காசு போவது தண்ணீருக்கும் கிளிசரினுக்கும்.

ஆனால் எபிஜெனெட்டிக் என்பது வெறும் விளம்பரச் சொல் இல்லை. மயிர்க்காலில் எண்ணெய்ச் சுரப்பிக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னப் புடைப்பு உண்டு. அங்கேதான் ஸ்டெம் செல்கள் ஒதுங்கியிருக்கின்றன என்பதை 1990இல் கொட்சரெலிஸ், சன், லவ்கர் மூவரும் எலித் தோலில் காட்டினார்கள். கவ்வாத்து வெட்டிய தேயிலைத் தண்டில் மொட்டு உறங்குவதைப் போல அவை உறங்கும். நேரம் வந்தால் விழித்துப் புது முடிக்கான செல்களைக் கொடுக்கும். எந்த ஜீன் திறக்க வேண்டும், எது பூட்டிக்கிடக்க வேண்டும் என்பதில் டிஎன்ஏயிலும் அது சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதத்திலும் விழும் இரசாயனக் குறிகளுக்குப் பெரிய பங்குண்டு. பூட்டுக் குறி போடும் ஈஇசட்எச்1, ஈஇசட்எச்2 என்ற நொதியங்கள் இரண்டையும் எலியில் நீக்கியபோது மயிர்க்கால்கள் சிதைந்தே போயின. குறியைக் கண்டபடி அழித்தால் முடி வளராது, உள்ளதும் போகும்.

வழுக்கையிலும் இதன் தடம் தெரிகிறது. உச்சியில் கொட்டினாலும் பிடரியில் நிற்கிறதே, இரண்டிடத்திலும் டிஎன்ஏ ஒன்றுதானே? 2011இல் வந்த ஓர் ஆய்வு, வழுக்கை விழுந்த ஆண்களின் பிடரி மயிர்க்கால்களில் ஆண் ஹோர்மோன் ஏற்பி ஜீன் மீது, அதைப் பூட்டும் மெத்தில் குறி உச்சியை விடக் கூடுதலாக இருப்பதைக் காட்டியது. அதே ஆண்டில் இன்னொரு ஆய்வு, வழுக்கைத் தோலில் ஸ்டெம் செல் அப்படியே இருக்கிறது, அதிலிருந்து அடுத்த படியில் உருவாகும் முன்னோடிச் செல்கள்தான் குறைந்துவிட்டன என்று கண்டது. தொலையாத பொருளைத் திருப்பித் தருகிறேன் என்கிறது சீரம்! குறிகளை உண்மையாகவே மாற்றுகிற பொருள்களும் உண்டு. வலிப்புக்குக் கொடுக்கும் வல்ப்ரொயிக் அமிலம் ஒன்று. கர்ப்பத்தில் குழந்தையின் உறுப்புகளையே பாதிக்கக்கூடியது. அப்படியொன்று சீரத்தில் இருந்தால் அதை அழகுசாதன ராக்கையில் வைக்கவே கூடாது.

என் மதிப்பெண்: சீரத்துக்கு ஐந்தில் ஒன்று. அதுவும் முடியை வழுவழுப்பாக்குவதற்கு. மினொக்சிடிலுக்கு மூன்றரை.

மினொக்சிடில் அந்தக் குறிகளைத் திருத்துவதாக வாக்குக் கொடுப்பதில்லை. இரத்த அழுத்த மாத்திரையாகத் தொடங்கி, 1988இல் அமெரிக்காவில் தலைக்குப் பூசும் மருந்தாக அனுமதி பெற்றது. தோலில் உள்ள ஒரு நொதியம் அதைச் சல்ஃபேட்டாக மாற்றினால்தான் வேலை செய்யும். அந்த நொதியம் குறைந்தவர்களுக்குப் பலன் சொற்பம். ஓய்வில் கிடக்கும் மயிர்க்காலைச் சீக்கிரம் வளர்ச்சிக்குத் தள்ளுவதால், பூசத் தொடங்கி 2 முதல் 8 வாரத்துக்குள் பழைய முடி கூடுதலாக உதிரும். பலர் போத்தலை வீசுவது இங்கேதான். குறைந்தது நான்கு, சரியாகப் பார்த்தால் ஆறு மாதம் பூசாமல் தீர்ப்பெழுதக் கூடாது. நிறுத்தினால் வந்த முடி மூன்று நான்கு மாதத்தில் போய்விடும்.

ஒரு தடவைக்கு 1 மில்லிலீற்றர், நாளுக்கு இரு தடவை. 60 மில்லிலீற்றர் சரியாக 30 நாளுக்கு வரும். டிரொப்பரில் கோடு வரை உறிஞ்சி, முடியை வகிடு வகிடாகப் பிரித்துத் தோலிலேயே விட வேண்டும். முடியில் வழிந்தால் வீண். தேங்காயெண்ணெய் வைத்த தலையில் விடாதீர்கள். நான்கு மணிநேரம் நனையவும் கூடாது. மழையில் மலையேறுமுன் பூசினால் பாதி வழிந்துபோகும். மலைக் குளிரில் இது காய நேரமெடுக்கும். ஈரத்தோடு குல்லா போட்டாலோ படுத்தாலோ மருந்து துணிக்கும் தலையணைக்கும் போகும். அங்கிருந்து முகத்தில் பட்டு கன்னத்தில் முடி முளைக்கும். தூங்குவதற்கு இரண்டு மணிநேரம் முன்பே பூசுங்கள். காய வைக்க அடுப்படியில் குந்தவே வேண்டாம்: கரைசலில் அல்கஹோல் இருக்கிறது, தீப்பிடிக்கும். காய்ந்தபின் வெள்ளையாகப் பொடி தெரிந்தால் அது பொடுகில்லை, மிஞ்சிய மருந்து. அரிப்பும் செதிலும் விடாமல் இருந்தால் கரைசலில் உள்ள புரொப்பிலீன் கிளைக்கோல் ஒத்துக்கொள்ளவில்லை. அது சேராத நுரை வகை கிடைக்குமா என்று பாருங்கள். பெண்கள் 5% கரைசலைத் தாங்களாகத் தொடங்காமல் 2% பற்றி டொக்டரிடம் கேட்கலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தொடவே வேண்டாம். நெஞ்சு படபடத்தால் நிறுத்திவிட்டு டொக்டரைப் பாருங்கள்.

இரண்டு போத்தலுமே வேண்டாதவர்களும் இருக்கிறார்கள். பிரசவம், கடும் காய்ச்சல் முடிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்தாகக் கொட்டுவது பெரும்பாலும் தானாக நிற்கும். கொழுந்துக் கூடைக் கயிறு அழுத்தும் இடத்தில் மட்டும் மெலிந்தால் இழுவையும் உராய்வும் காரணமாகலாம். கயிற்றுக்கு அடியில் தடித்த துணி வைத்து, இடத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள். சோர்வும் வெளிறலும் சேர்ந்திருந்தால் இரும்புச்சத்துக்கு இரத்தம் சோதிக்க வேண்டும். காசு வட்டத்தில் திடீரென்று வழுவழுவென்று விழுந்தால் தோல் கிளினிக்குக்குப் போங்கள்.

வீட்டில் பூனை இருந்தால் மினொக்சிடில் வாங்குமுன் யோசியுங்கள். பூசிய தலையையோ தலையணையையோ நக்கினாலே அதற்கு உயிராபத்து.