ரேபிட்டுக்கு மேலே கூடாரமா, கீழேயா?

சென்ற ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் துகேலா ஆற்றில், கொலென்சோ ஊருக்குக் கீழே உள்ள பள்ளத்தாக்கில் இரண்டு நாள் ராஃப்டில் (காற்றடைத்த ரப்பர் படகில்) போனோம். எல்லாம் டர்பன் நகரத்து சாட்ஸ்வொர்த் ஆட்கள். முதல் நாள் சாயங்காலம் இருப்பதிலேயே முரட்டு ரேபிட் (பாறைகளுக்கு நடுவே ஆறு சீறிப் பாயும் இடம்) எதிரே வந்து நின்றது. "தாண்டிட்டுத் தூங்குவோம் மச்சான், காலையில் யாருக்கு இந்தப் பயம்?" என்றார் என் மச்சான். நான் மேலேயே தங்கலாம் என்றேன்.

கீழே தங்குவதன் சுகம் தெரிந்ததுதான்: மெத்தை மாதிரி மணல்திட்டு, குளிக்கத் தேங்கிய தண்ணீர். என்ன, மணலில் கூடார முளை நிற்காது, கயிற்றைக் கல்லில் கட்ட வேண்டும். சோற்றிலும் மணல் கடிபடும். மேலே பாறைத் தரை, ராத்திரி முழுக்க இரைச்சல். எனக்கு என்னவோ அதில்தான் நல்ல தூக்கம்.

நான் பிடிவாதம் பிடித்தது தண்ணீர் மட்டத்துக்காக. துகேலா பிறப்பது டிராக்கன்ஸ்பெர்க் மலையில். ஜனவரி அங்கே கோடை, மதியத்துக்கு மேல் இடியோடு மழை கொட்டும். அந்தத் தண்ணீர் நம்மிடம் வந்து சேர நேரமாகும். லேடிஸ்மித் ஊரைப் பலமுறை மூழ்கடித்த கிளிப் ஆறும் கொலென்சோவுக்குக் கீழேதான் இதில் கலக்கிறது. நம் தலைக்கு மேல் நட்சத்திரம் மின்னும், ஆறு பாட்டுக்கு ஏறும்.

கரைப் புதர்களைப் பார்த்தேன். என் மார்பு உயரத்தில் காய்ந்த புல்லும் பிளாஸ்டிக் பையும் சிக்கியிருந்தன. பழைய வெள்ளம் விட்டுப்போன அடையாளம். மணல்திட்டோ அதைவிட ரொம்பத் தாழ்வு. சரி என்று தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, வெளிச்சம் போகும்வரை பாறையில் உட்கார்ந்து ரேபிட்டைப் பார்த்தோம். நடுவே ஒரு கல் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு இடப்பக்கம் போவதாக முடிவு.

காலையில் குச்சி ஒரு சாண் தண்ணீருக்குள். கல் காணோம், அது இருந்த இடத்தில் ராஃப்டையே இழுத்து உருட்டும் வெள்ளைச் சுழி. இடப்பக்கம் அதற்குள்தான் கொண்டுபோய்த் தள்ளும். பேசாமல் சாமானை இறக்கி, ராஃப்டைக் கரையோரமாகத் தூக்கிப்போனோம். ஒரு மணி நேரம் தோள் கழன்றது. கீழே போய்ப் பார்த்தால் மணல்திட்டில் பாதி தண்ணீரில்.

மச்சான் சொல்வதிலும் நியாயம் உண்டு. முந்தின நாள் குறைந்த தண்ணீரில் இறங்கியிருந்தால் சுலபமாகவே தாண்டியிருக்கலாம். ஆனால் நாள் முழுக்கத் துடுப்புப் போட்ட கையோடு, இருட்டும் நேரத்தில் ஒருவர் தண்ணீரில் விழுந்தால் எங்கே போய்த் தேடுவது?

ஜூன், ஜூலை என்றால் வேறு கதை. மழை இல்லை, ஆறு மெலிந்திருக்கும். அந்த மாதங்களில் நான் போனதில்லை. போனால் மணல்திட்டுக்கே சம்மதிப்பேன் என்று நினைக்கிறேன், அப்போதும் ஒரு குச்சியை நட்டுவிட்டுத்தான்.