லெப்பர்ட் 2ஏ6 மாடல் கிட்: சங்கிலி கோப்பதற்கே ஒரு மாதம்

ஜெர்மனியின் லெப்பர்ட் 2ஏ6 டாங்கியை 1/35 அளவில் கட்டுவதற்கான பிளாஸ்டிக் கிட் ஒன்றை மூன்று மாத மாலைப்பொழுதுகளில் கட்டி முடித்தேன். கீழே சொல்லும் குறைகளில் சில எனக்கு வந்த பெட்டிக்கு மட்டும் உரியவையாக இருக்கலாம் என்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் நிறைவு தந்தது பீரங்கிக் குழாய். இதற்கு முந்தைய 2ஏ5 வகையின் குழாய் நீளம் அதன் 120 மி.மீ. துளை விட்டத்தைப் போல 44 மடங்கு. 2ஏ6 வகையில் 55 மடங்கு. அந்த 1.32 மீட்டர் வேறுபாடு 1/35 அளவில் 3.8 செ.மீ. ஆக வேண்டும். பெட்டியில் இரண்டு குழாய்களும் இருந்ததால் அருகருகே வைத்து அளந்தேன்; சரியாகவே இருந்தது. இரு பாதிகளாக வராமல் ஒரே துண்டாக வார்க்கப்பட்டிருப்பதால், ஒட்டிய கோட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் குழாயின் உருண்டை வடிவத்தைக் கெடுத்துக்கொள்ளும் வேலையும் இல்லை. சுழல் கோபுரத்தின் முன்புறத்தில் அம்புமுனை போல நீளும் கூடுதல் கவசமும் இடைவெளியின்றிப் பொருந்தியது.

குறை கீழ்ப்பகுதியில்தான் தொடங்குகிறது. லெப்பர்டின் முறுக்குத் தண்டுகள் (முறுக்கிக்கொண்டு சக்கரங்களுக்கு வில் போல உதவும் எஃகுத் தண்டுகள்) வண்டியின் அகலம் முழுவதும் ஒன்றையடுத்து ஒன்றாகக் கிடப்பதால், இடப்பக்கச் சக்கரங்களும் வலப்பக்கச் சக்கரங்களும் நேருக்கு நேர் அமையாமல் சற்று முன்பின்னாக நிற்கும். என்னிடம் வந்த வழிகாட்டித் தாளில் இரு பக்கத்துச் சக்கரக் கைகளின் எண்கள் இடம் மாறி அச்சாகியிருந்தன. பசை போடாமல் பொருத்திப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் தப்பித்தேன். எண்ணை நம்பி ஒட்டியிருந்தால் பதினான்கு கைகளையும் பிய்த்தெடுக்க நேர்ந்திருக்கும்.

அடுத்தது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலி. ஒரு பக்கத்துக்கு 82 கண்ணிகள். ஒவ்வொரு கண்ணிக்கும் நான்கு துண்டுகள் என்றால் மொத்தம் 656 துண்டுகளை வெட்டி, பிசிறு நீக்கி, சாமணத்தால் பிடித்துக் கோக்க வேண்டும். கண்ணிகளை வரிசையாக நிறுத்த ஓர் அச்சுப்பலகை கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பசை ஒரு துளி கூடினால் மூட்டு இறுகிவிடுகிறது, குறைந்தால் இணைப்பு கழன்று விழுகிறது. ஒரு மாலையில் பதினைந்து கண்ணிகளுக்கு மேல் என்னால் முடியவில்லை. இத்தனைக்கும் பிறகு பக்கவாட்டுத் தகடுகளை மாட்டினால் சங்கிலியின் மேற்பாதி கண்ணிலேயே படுவதில்லை.

பித்தளைத் தகட்டில் வந்த காற்று வலைகள், குறிப்பாக எஞ்சின் மேல்தளத்தில் இருக்கும் இரண்டு வட்ட வலைகள், அருமையாக அமைந்துள்ளன. மேற்பரப்பில் நிஜ வண்டிக்குரிய வழுக்காத சொரசொரப்பு விடுபட்டிருப்பதால் அதை நாமே உருவாக்க வேண்டும். வெண்கலப் பச்சை, தோல் பழுப்பு, தார்க் கறுப்பு ஆகிய மூன்று நிறங்களையும் குப்பியில் உள்ளபடியே அடித்தால் சிறிய உருவத்தில் இருண்டு தெரியும். சற்று வெளிறவைத்து அடிப்பது நல்லது.

சுங்க வரியோடு சேர்த்தால் விலை குறைவல்ல. இரண்டு மூன்று டாங்கிகளைக் கட்டிப் பழகியவருக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முதன்முறை கட்டுபவர் ரப்பர் போன்ற ஒற்றைப் பட்டையாகச் சங்கிலி வரும் எளிய கிட்டை வாங்கலாம். என் மாடலில் வலப்பக்கத் தகடுகளை மட்டும் இன்னும் ஒட்டவில்லை. கோத்த 82 கண்ணிகளையும் கொஞ்ச நாள் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றிருக்கிறேன்.