சிறுத்தைத் தலை முத்திரை: லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலில் நகைக்கு ஹால்மார்க் போடுவது பற்றி

லண்டனில் சொந்தமாக நகை செய்து விற்கிற நம் ஆட்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி, "ஹால்மார்க் எங்கே போடுகிறீர்கள்?" என்பது. பிரிட்டனில் அதற்கு நான்கு இடங்கள்தான்: லண்டன், பர்மிங்ஹாம், ஷெஃபீல்ட், எடின்பரோ. எங்கே போட்டாலும் சட்டப்படி மதிப்பு ஒன்றே. நான் லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கம்பெனியின் அஸ்ஸே ஆபீசில், அதாவது தங்கம் வெள்ளியைச் சோதித்து முத்திரை போடும் அலுவலகத்தில், கொடுக்கிறேன். கிட்ட இருக்கிறது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், கம்பெனி என்று பெயர் இருந்தாலும் அது பத்தர்களின் பழைய சங்கம். ஆரம்ப நாட்களில் அந்தச் சங்கம் செய்த வேலைகளைப் படித்த பிறகு அந்த முத்திரை மேல் எனக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது.

முதலில் சேவையைச் சொல்லிவிடுகிறேன். நகையைக் கொடுப்பதற்கு முன் உங்கள் பெயரில் ஒரு குறி பதிய வேண்டும். குறைந்தது இரண்டு எழுத்து, அதைச் சுற்றி ஒரு கட்டம். பதிவு பத்து வருடத்துக்குச் செல்லும். அப்புறம் நகையைக் கொடுத்தால் சோதித்து மூன்று குறி போடுவார்கள்: உங்கள் எழுத்து, மாற்றை, அதாவது தூய்மையைக் காட்டும் எண் (நம் 22 கரட் என்றால் 916), லண்டனுக்குரிய சிறுத்தைத் தலை. இந்த மூன்றும் கட்டாயம். வருட எழுத்து 1999இலிருந்து விருப்பம்தான். நான் தவறாமல் போடச் சொல்வேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மோதிரத்தின் உள்பக்கம் குறி அடிக்க கழுத்து வளைந்த பஞ்ச் (முத்திரை உளி) வைத்திருக்கிறார்கள். ஒரே தட்டுதான், ஆனால் மெல்லிய மோதிரமாக இருந்தால் வெளிப்பக்கம் லேசாகப் புடைக்கும். அதனால் கடைசி மெருகு போடுவதற்கு முன்பே கொடுங்கள். புடைப்பை அரத்தால் சரி செய்து பிறகு மெருகு போடலாம். குழலாகச் செய்த நகைக்கும் கல் வைத்த நகைக்கும் லேசரே நல்லது. லேசர் குறி சுத்தமாக இருக்கும். ஆனால் பஞ்ச் அடித்த குறியில் விரலை வைத்தால் பள்ளம் தெரியுமே, அந்த அழகு லேசரில் இல்லை. இது என் சொந்த ரசனை, விட்டுவிடுங்கள்.

சோதனை கறாரானது. பிரிட்டிஷ் சட்டத்தில் மாற்றுக் குறைவுக்குச் சலுகை கிடையாது. 916 என்று கொடுத்தது 914 என்று வந்தால் 916 விழாது. பொடி (துண்டுகளை ஒட்ட வைக்கும், மாற்றுக் குறைந்த கலவை) வைத்து ஊதிய இடங்கள் நிறைய உள்ள வேலை என்றால் பயம் கூடும். முதலில் எக்ஸ்ரே கருவியில் பார்ப்பார்கள். அது மேல்பரப்பைத்தான் படிக்கும். துல்லியமான முடிவு வேண்டுமென்றால் பழைய தீச்சோதனைதான். சுரண்டி எடுத்த துணுக்கோடு வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி, நுண்துளைகள் உள்ள சிறு கிண்ணத்தில் வைத்து உலையில் ஏற்றுவார்கள். ஈயமும் செம்பும் உருகிக் கிண்ணத்துக்குள் ஊறிவிடும். மிஞ்சுகிற மணியைத் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் காய்ச்சினால் வெள்ளி கரைந்து தங்கம் மட்டும் நிற்கும். அதை நிறுத்தால் கணக்கு வந்துவிடும். உரைகல்லில் பழகிய கைக்கு இதைப் பார்க்கப் பொறாமையாக இருக்கும்.

இனி பழைய கதை. எங்கள் தொழிலைப் பற்றி ஊரில் ஒரு பழமொழி உண்டு: தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான். பெற்ற தாயின் பொன்னிலும் கொஞ்சம் எடுத்துவிடுவான் என்று அர்த்தம். யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் வேலை பழகியவர்கள் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள். லண்டன் பத்தர்களுக்கும் இதே பெயர்தான் இருந்திருக்கிறது. 1180இல் அரசனின் அனுமதி இல்லாமல் சங்கம் நடத்தியதற்காக அவர்களுக்கு அபராதமே விழுந்தது. 1300இல் முதலாம் எட்வர்ட் ஒரு சட்டம் போட்டான். வெள்ளி ஸ்டெர்லிங் தரத்துக்குக் குறையக் கூடாது, அதாவது ஆயிரத்துக்கு 925. தங்கம் பாரிஸ் மாற்றுக்குக் குறையக் கூடாது; அது நம் கணக்கில் 19.2 கரட். சங்கத்தின் மூத்தவர்கள் கடை கடையாகப் போய்ச் சோதிக்க வேண்டும், சிறுத்தைத் தலை விழாமல் எந்த வெள்ளிப் பாத்திரமும் செய்தவன் கையை விட்டுப் போகக் கூடாது. சங்கம் என்றால் தன் ஆட்களைக் காப்பாற்றுவதுதானே நாம் கண்டது? இவர்களின் முதல் வேலை தன் ஆட்களின் பட்டறைக்குள் நுழைந்து குற்றம் கண்டுபிடிப்பது.

1327இல் மூன்றாம் எட்வர்ட் கொடுத்த பட்டயத்தில் சங்கத்தின் புகார்களே எழுதப்பட்டிருக்கின்றன. சிலர் பெரிய கடைத்தெருவான சீப்சைடை விட்டு ஒதுக்குச் சந்துகளில் கடை போட்டு, திருட்டுப் பாத்திரம் வாங்கி உருக்குகிறார்கள். நிறக் கண்ணாடியைக் கல் என்று சொல்லித் தங்கத்தில் பதிக்கிறார்கள். கத்தி செய்கிறவர்கள் தகரத்துக்கு வெள்ளி பூசி முழு வெள்ளி என்று விற்கிறார்கள். எழுநூறு வருடத்தில் மோசடியின் பட்டியல் பெரிதாக மாறிவிடவில்லை.

1363இல் ஒவ்வொரு பத்தரும் தனக்கென ஒரு குறி வைத்திருக்க வேண்டும் என்று வந்தது. எழுத்தறிவு குறைந்த காலம், அதனால் பலர் படங்களையே குறியாக வைத்துக்கொண்டார்கள். பிறகு 1478. அந்த வருடம்தான் சங்கம் ஃபாஸ்டர் லேனில் உள்ள தன் மண்டபமான கோல்ட்ஸ்மித்ஸ் ஹாலிலேயே சம்பளத்துக்கு ஒரு சோதனையாளரை வைத்து, நகையையெல்லாம் அங்கே கொண்டுவரச் சொன்னது. வருட எழுத்தும் அப்போது வந்ததுதான். இன்று பழைய வெள்ளிக் கரண்டி சேர்க்கிறவர்கள் அதை வைத்து வயது பார்க்கிறார்கள். உண்மையில் அது சோதனையாளரைப் பிடிப்பதற்கான எழுத்து. தரம் குறைந்த பொருள் முத்திரையோடு வெளியே போனால், எந்த வருடம், அப்போது பொறுப்பில் யார் என்று கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முந்தைய வருடச் சட்டத்தில், சோதித்தவர் தவறினால் சங்கமே ஈடு கட்ட வேண்டும் என்றும் இருந்தது. சோதிக்கிறவனையும் சோதிக்கிற ஏற்பாடு! நான் வருட எழுத்தைக் கேட்டுப் போடுவது இதனால்தான்.

இதையெல்லாம் தர்மத்துக்காகச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. முத்திரை அவர்கள் கையில் என்றால் தொழிலும் அவர்கள் கையில். வெளிநாட்டிலிருந்து வந்த பத்தர்களை உள்ளே விட அவர்களுக்கு மனம் இருக்கவில்லை; மேற்பார்வை மட்டும் வந்தவர்கள் மேலும் இருந்தது. இன்று என்னைப் போல வந்தவனுக்கும் கட்டணம் கட்டினால் குறி பதிகிறார்கள்.

இந்தியாவில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) ஹால்மார்க் 2000இல் வந்தது, 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமானது. அங்கே ஒவ்வொரு உருப்படிக்கும் ஆறு இலக்க அடையாளம் உண்டு. கைபேசி செயலியில் போட்டுப் பார்க்கலாம். வாங்குகிறவருக்கு அது லண்டன் முறையைவிட வசதி என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அந்த இந்திய முத்திரை மட்டும் இருந்தால் இங்கே பிரிட்டனில் ஹால்மார்க் உள்ள தங்கம் என்று விற்க முடியாது. ஒரு கடையில் இதைத் தெரியாமல் வளையல் அடுக்கி வைத்திருந்தார்கள். கேட்டதற்கு "ஊர்ச் சாமான் அண்ணை, பயப்படாதேங்கோ" என்று பதில் வந்தது. நான் வாங்கவில்லை.

கொடுக்கப் போகிறவர்களுக்கு: ஒவ்வொன்றாக அனுப்பாமல் சேர்த்து அனுப்பினால்தான் கட்டுபடியாகும். லண்டனின் நகைக்கடைப் பகுதியான ஹாட்டன் கார்டனில் கிரெவில் வீதியிலும் அவர்களுக்கு ஒரு கிளை உண்டு, ஃபாரிங்டன் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். தங்கம் ஒரு கிராமுக்குக் குறைந்தால் முத்திரை கட்டாயமில்லை, ஆகவே சின்ன மூக்குத்திக்கு அலையத் தேவையில்லை. தாலிக்கொடி என்றால் கொடியைத் தனியாக, தாலியைத் தனியாகக் குறி போடச் சொல்லுங்கள். பிறகு ஒன்றை மட்டும் மாற்ற வேண்டி வந்தாலும் மற்றதன் மாற்று பற்றிக் கேள்வி வராது.