லாகின் ஆகாத வீட்டுக் கணினி: எந்த வழியில் எதை இழப்போம்?

வட சென்னையில் பல வீடுகளில் கணினி ஒன்றுதான். அதைத் தொடுகிறவர்கள் வீட்டிலுள்ள எல்லோரும். பெண்ணின் கல்லூரி ப்ராஜெக்ட், அப்பாவின் பி.எஃப். விவரம், பையனின் விளையாட்டு, அம்மாவின் சீட்டுக் கணக்கு எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள். ஒரு நாள் அது பாஸ்வேர்டு தவறு என்று அடம்பிடித்தால் தெருவே ஆலோசனை சொல்ல வந்துவிடும். "ரிச்சி தெருவுக்கு எடுத்துக்கொண்டு போ" என்பார் ஒருவர்; கணினிக் கடைகள் நிறைந்த தெரு அது. "ஃபார்மட் அடித்துவிடு", அதாவது எல்லாவற்றையும் அழித்துவிடு, என்பார் இன்னொருவர். போனிலேயே பாஸ்வேர்டை மாற்றிவிடலாம் என்பான் எதிர்வீட்டுப் பையன். மூன்று வழியிலும் கணினி திறக்கக்கூடும். திறந்த பிறகு உள்ளே என்ன மிஞ்சும் என்பதில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இங்கே நான் பேசுவது விண்டோஸ் 10, 11 பற்றி.

எந்த வழியையும் தேடுமுன், கோளாறு பாஸ்வேர்டில்தானா என்று பார்த்துவிட வேண்டும். தண்டையார்பேட்டையில் ஓர் அக்கா, எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறவர். "தம்பி, நேற்று இரவு வரை இதே பாஸ்வேர்டுதான். யாரோ மாற்றிவிட்டார்கள்" என்றார். யார் மீது சந்தேகம் என்பதையும் முடிவு செய்து வைத்திருந்தார். பாஸ்வேர்டுக் கட்டத்தின் ஓரத்தில் இருக்கும் கண் படத்தை அழுத்தச் சொன்னேன். அவர் எழுத்துகளைத் தட்டத் தட்ட, கட்டத்தில் பாதி இடத்தில் எண்கள் வந்துகொண்டிருந்தன. எண்களுக்கெனத் தனிப் பகுதி இல்லாத பழைய சின்ன லேப்டாப் அது. அதில் எழுத்துப் பொத்தான்களை எண்களாக்கும் 'நம் லாக்' (Num Lock) விழுந்துவிட்டால் எம் தட்டினால் 0 வரும், எல் தட்டினால் 3, ஐ தட்டினால் 5. 'நம் லாக்'கை எடுத்ததும் திறந்துகொண்டது. தமிழ் கீபோர்டு சேர்த்திருப்பவர்கள் திரையின் கீழ் வலது மூலையில் உள்ள மொழிக் குறியையும் பார்க்க வேண்டும். விண்டோஸ் பொத்தானையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கு மாறும். பாஸ்வேர்டுக்குப் பதிலாக வைக்கும் 'பின்' (PIN) எண்ணைப் பலமுறை தவறாகப் போட்டால் ஏ1பி2சி3 என்று தட்டச் சொல்லும். அதைப் பார்த்து வைரஸ் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கீபோர்டு ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கணினி சோதிக்கிறது, அவ்வளவுதான்.

இதிலெல்லாம் தவறில்லை என்றால் அடுத்த கேள்வி: உங்களுடையது மைக்ரோசாஃப்ட் கணக்கா, லோக்கல் கணக்கா? புதிய கணினி வாங்கி, மின்னஞ்சல் முகவரி கொடுத்துத் தொடங்கியிருந்தால் மைக்ரோசாஃப்ட் கணக்கு. பெயரும் பாஸ்வேர்டும் மட்டும் கொடுத்திருந்தால் லோக்கல் கணக்கு. இந்த இரண்டும் பிரியும் இடத்தில்தான் வழிகளும் பிரிகின்றன.

மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் எதிர்வீட்டுப் பையன் சொன்னதே சரி. எந்த போனிலிருந்தும் அவர்களுடைய தளத்துக்குப் போய், பதிவு செய்த எண்ணுக்கு வரும் குறியீட்டைக் கொடுத்துப் புது பாஸ்வேர்டு வைத்துவிடலாம். கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. பணச் செலவும் இல்லை. ஆனால் புது பாஸ்வேர்டு பூட்டிய கணினிக்குத் தெரிய வேண்டுமானால் அதற்கு இணையம் வேண்டும். லாகின் திரையின் மூலையிலேயே வைஃபை படம் இருக்கிறது. போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தால் போதும். இணைக்காமல் தட்டிப் பார்த்துவிட்டு "மாற்றியும் திறக்கவில்லை" என்று சோர்ந்துபோகிறவர்கள் அதிகம். பின் எண் அந்த ஒரு கணினிக்கு மட்டுமே உரியது என்பதால், பாஸ்வேர்டை மாற்றினாலும் அது மாறாது. அதை மறந்திருந்தால், பின் எண் கட்டத்தின் கீழே உள்ள 'மறந்துவிட்டேன்' என்ற இணைப்பின் வழியே தனியாக மாற்ற வேண்டும்.

இந்த வழி இடறும் இடம் போன் எண். சலுகைக்காக வாங்கி, ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம் கார்டின் எண்ணைப் பதிவு செய்திருந்தால், குறியீடு எங்கோ யாருக்கோ போகும். மாற்று மின்னஞ்சலும் கைவசம் இல்லாமல், பாதுகாப்பு விவரங்களை மொத்தமாக மாற்றக் கேட்டால் 30 நாள் காத்திருக்கச் சொல்வார்கள். திருடனுக்கு எதிராக வைத்த அந்தத் தடை, செமஸ்டர் நேரத்தில் சொந்தக்காரரைத்தான் தடுக்கும்.

லோக்கல் கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. உதவிக்கு வர ஆளும் இல்லை. 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து, லோக்கல் கணக்கு தொடங்கும்போது மூன்று பாதுகாப்புக் கேள்விகள் கேட்கிறார்கள். பாஸ்வேர்டு தவறானதும் கீழே 'பாஸ்வேர்டை மாற்று' என்று வரும். மூன்றுக்கும் பதில் சொன்னால் திறந்துவிடும். சின்ன வயதுச் செல்லப்பெயர் என்ன என்ற கேள்விக்கு வாய்க்கு வந்ததை அடித்துவிட்டு அடுத்த திரைக்குத் தாவியவர்களுக்கு இது பயன்படாது. பாஸ்வேர்டு ரீசெட் பென் டிரைவ் என்று ஒன்றும் உண்டு, நல்ல ஏற்பாடு. ஆனால் பாஸ்வேர்டு நினைவில் இருக்கும்போதே செய்து வைக்க வேண்டியது அது. அப்படிச் செய்து வைத்திருக்கும் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. சரமாரியாகத் தட்டிப் பார்ப்பதிலும் பயனில்லை. புதிய விண்டோஸ் 11-இல் பத்து முறை தவறினால் பத்து நிமிடம் கணக்கே முடங்கும்.

தெருவில் யாரும் சொல்லாத வழி ஒன்று இருக்கிறது. என் கணக்கில் அதற்குத்தான் முதலிடம்: அதே கணினியில் இன்னோர் அட்மின் கணக்கு, அதாவது மற்றக் கணக்குகளையும் மாற்றும் அதிகாரம் உள்ள கணக்கு. அண்ணனின் பாஸ்வேர்டு மறந்துபோனால் தங்கை தன் கணக்கில் நுழைந்து, கண்ட்ரோல் பேனலில் பயனர் கணக்குகளைத் திறந்து, அவனுக்குப் புதிது வைத்துவிடலாம். ரிச்சி தெருவும் வேண்டாம், இணையமும் வேண்டாம். இழப்பு என்று பார்த்தால், அண்ணன் கணக்கில் விண்டோஸும் பிரௌசரும் சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டுகள் போய்விடலாம். அவை பழைய பாஸ்வேர்டை வைத்துப் பூட்டப்பட்டவை. அண்ணனுடையது மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் தங்கையால் பாஸ்வேர்டை மாற்ற முடியாது. ஆனால் சி டிரைவில் அவனுடைய ஃபோல்டரைத் திறந்து கோப்புகளை எடுத்துவிடலாம். பாதிப் பதற்றம் அங்கேயே தீர்ந்துவிடும். இந்த ஏற்பாட்டையும் முன்பே செய்திருக்க வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கணக்கு என்ற பழக்கத்தை விட்டு, இன்னொருவர் கணக்கையும் அட்மின் ஆக்கிவிட்டால் போதும், இது அமைந்துவிடும்.

வேறொரு நோயை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பாஸ்வேர்டை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் டெஸ்க்டாப் வெறுமையாக இருக்கிறது, தற்காலிகக் கணக்கில் நுழைந்திருக்கிறீர்கள் என்று ஓர் அறிவிப்பு வருகிறது. மழைக்காலத்தில் வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கம் தண்ணீர் ஏறினால் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்துவார்கள். யு.பி.எஸ். இல்லாத கணினி எழுதிக்கொண்டிருக்கும்போதே அணைந்தால், பயனருக்கான கோப்புகள் சேதமாகி இப்படி நேரலாம். பழைய கோப்புகள் பெரும்பாலும் டிஸ்க்கில் அப்படியே இருக்கும். அந்த வெற்று டெஸ்க்டாப்பில் புதிதாக எதையும் சேமிக்காதீர்கள்; வெளியேறியதும் அழிந்துவிடும். ஒன்றிரண்டு முறை ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். சரியாகவில்லை என்றால் புதுக் கணக்கு தொடங்கிப் பழைய கோப்புகளை அதற்கு மாற்றுவது, விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பதைவிடப் பாதுகாப்பானது.

இனி ரிச்சி தெரு. திருவொற்றியூரிலிருந்தோ வண்ணாரப்பேட்டையிலிருந்தோ நீல வழித்தட மெட்ரோவில் ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். லோக்கல் கணக்கின் பாஸ்வேர்டை அழிப்பது அங்கே பெரிய வித்தையில்லை. பென் டிரைவிலிருந்து வேறொரு சிஸ்டத்தை ஏற்றி, விண்டோஸ் பாஸ்வேர்டு வைத்திருக்கும் கோப்பைத் திருத்துவார்கள். ஆனால் டிஸ்க் முழுவதையும் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கரால் அது பூட்டப்பட்டிருந்தால் வித்தை பலிக்காது. 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கிய புதிய லேப்டாப்புகள் பலவற்றில் இந்தப் பூட்டு சொல்லாமலேயே விழுந்திருக்கும், சாவியும் அதே கணக்கில் இருக்கும். ஆகவே அங்கும் போன் எண் கதைதான்: கணக்கை மீட்டால் சாவி கிடைக்கும், மீட்காவிட்டால் எந்தக் கடையாலும் கோப்பை எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

கூலியைவிட என்னை யோசிக்க வைப்பது, ஆதார் நகலும் வங்கி விவரமும் வீட்டுப் படங்களும் உள்ள டிஸ்க்கை முன்பின் தெரியாத மேசையில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போவது. போனால் கூடவே உட்காருங்கள். "அண்ணா, கோப்புகளை எடுத்துக் கொடுத்த பிறகு மற்றதைச் செய்யுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பல இடங்களில் ஃபார்மட்தான் முதல் மருந்து.

பிட்லாக்கர் இல்லாத கணினியில் கடைக்காரர் செய்வதில் பாதியை வீட்டிலேயே செய்யலாம். பக்கத்து வீட்டுக் கணினியில் ஒரு பென் டிரைவில் உபுண்டு என்ற இலவச லினக்ஸ் சிஸ்டத்தை ஏற்றி, அதிலிருந்து பூட்டிய கணினியை இயக்கினால், விண்டோஸ் பாஸ்வேர்டு தெரியாமலே கோப்புகளை வெளி டிரைவுக்கு நகலெடுக்கலாம். தமிழக அரசின் இலவச லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் (BOSS) லினக்ஸும் சேர்ந்து வந்தது பலருக்கு நினைவிருக்கும். அன்று யாரும் சீண்டாத லினக்ஸ் உதவுகிற இடம் இது.

கணினியைப் புதிது போலாக்கும் ரீசெட் கடைசி வழி. ஷிப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் வரும் நீலத் திரையில் அது இருக்கிறது. மறந்த லோக்கல் பாஸ்வேர்டுக்கு மைக்ரோசாஃப்டே சொல்லும் தீர்வு 'எல்லாவற்றையும் நீக்கு' என்பதுதான். செலவில்லை, கடையும் வேண்டாம். உள்ளே இருந்ததில் எதுவும் மிஞ்சாது. நகல் எடுத்துவிட்டவர்கள் தயங்காமல் செய்யலாம். அதே சூட்டில் அமைப்புகளில் 'மற்ற பயனர்கள்' பகுதிக்குப் போய், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமல் ஒரு லோக்கல் கணக்கைச் சேர்த்து அதை அட்மின் ஆக்கிவிடுங்கள். அதன் பாஸ்வேர்டு வீட்டில் இன்னொருவரிடம் இருக்கட்டும்.